பதினெட்டாவது சட்டி

தராசை முதலில் பிடுங்கிக்கொண்டார் கேப்டன். அடுத்து வெப்பமானி. மூன்றாவதாகப் பையிலிருந்து ஒரு சின்ன இடுக்கி வெளியே வந்ததும் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“குங்குமப்பூவை எண்ணிப் போடறதுக்கு சார்.”

“எண்ணியா?”

“இருபத்திரண்டு இழை சார்.”

கேப்டன் இடுக்கியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். “கப்பல் ஆடுற ஆட்டத்துல தராசு முள்ளு எங்க நிக்கும்? கையாலயும் மூக்காலயும் சமைக்கணும். பன்னிரண்டரைக்கு மணி அடிப்பேன். அதுவரைக்கும் யாரும் உள்ள வர மாட்டாங்க, நீயும் வெளிய வரக் கூடாது. புரிஞ்சுதா, பல்லு தம்பி?”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே நின்றவன் இடுக்கியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

பல்லு என்பது அவனுடைய தொழில். பல் செட் செய்கிற பட்டறையில் பத்து வருஷமாக மெழுகும் சுண்ணாம்பு மாவும் குழைக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேப்டன் போட்ட ஒரு தும்மலில் அவருடைய மேல் வரிசை பறந்துபோய்க் கைகழுவும் தொட்டியில் விழுந்து இரண்டாக உடைந்தது. அதை டப்பாவில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தவள் அவருடைய ஒரே மகள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு வாரத்தில் செய்து கொடுக்கிற பல் செட்டை, கடைவாய் சரியில்லை, ஈறு நிறம் சரியில்லை என்று சொல்லிச் சொல்லி அவளை நான்கு மாதம் நடக்க வைத்தான். ஐந்தாவது மாதம் பல் செட் தயார். காதலும் தயார்.

சரி, பெண் கேட்பதுதானே அடுத்தது? கேட்டான். அங்கேதான் வந்தது வினை.

தெருவே கேப்டன் என்று கூப்பிட்டாலும் மனிதர் ஒரு நாளும் கப்பல் ஓட்டியவர் அல்ல. முப்பத்தொரு வருஷம் கப்பலில் சமைத்தவர். எந்தத் துறைமுகத்திலோ கற்றுக்கொண்டு வந்த ஒரு குழம்பு அவருக்கு உயிர். தக்காளியும் குங்குமப்பூவும் போட்டு, இறால், கணவாய், மட்டி எல்லாம் சேர்த்து வைக்கிற கடல் குழம்பு. “என் பொண்ணைக் கட்டுறவன் எனக்கு அந்தக் குழம்பை வச்சுக் காட்டணும். கல்யாணத்துக்கப்புறம் மாடி ரூம்லயே இருக்கணும்” என்பது அவருடைய சட்டம். மாடி அறைக்குத் தனிச் சமையலறை கிடையாது.

இவனுக்கு முன்னால் இரண்டு வரன்கள் வந்து போயிருக்கின்றன. ஒருவன் பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரன். இன்னொருவன் சமையல் கல்லூரியில் வாத்தியார். இருவரையும் இதே சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து கைகழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, “சரி வராது” என்றுவிட்டார். காரணம் கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

வாத்தியாருக்கே அந்தக் கதி என்றால் பல் செட்டுக்காரனுக்கு?

அதனால்தான் அவன் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தான். பட்டறையில் மெழுகு உருக்குகிற அடுப்பில் சட்டியை ஏற்றி, பதினேழு தடவை அந்தக் குழம்பை வைத்துப் பழகியிருந்தான். முதல் ஐந்தைப் பட்டறை ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஆறாவதிலிருந்து மூக்கை விட்டுவிட்டார்கள். பதினேழாவது சட்டிக்கு அடிதடியே நடந்தது. காதலியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவளைப் பொறுத்தவரை இவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரிந்தால் அதிகம். இன்றைக்கு அசத்திவிட வேண்டும் என்று இருந்தான்.

சமையலறை கப்பல் மாதிரியே இருந்தது. அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி. நிற்கிற வீட்டில் எந்தச் சட்டி சரிந்து விழப்போகிறதோ, கேப்டனுக்குத்தான் வெளிச்சம். கரண்டிகள் வரிசையாகக் கயிற்றில் கட்டித் தொங்கின. பின்பக்கம் ஒரு கம்பி ஜன்னல். அதற்கு வெளியே துணி துவைத்து உலர்த்துகிற முற்றம்.

தராசு போனால் போகட்டும், கைக்குத்தான் பதினேழு சட்டியின் பழக்கம் இருக்கிறதே! மீன் தலையும் எலும்பும் போட்டுச் சாறு இறக்கினான். வெங்காயம், பூண்டு, சோம்பு வதக்கினான். தக்காளியைத் தோல் உரித்துப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். இருபத்திரண்டு இழையை இடுக்கியால் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தப் பொன்னிறத் தண்ணீரைச் சாற்றோடு கலந்தான். வாசனை எழுந்து வந்தது பாருங்கள், அவனுக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

மணி பதினொன்று. கணவாயும் இறாலும் மட்டியும் கழுவித் தயாராக இருந்தன. அவற்றைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போட்டால் போதும்.

“ஸ்ஸ்! பல்லு!”

ஜன்னலில் காதலியின் முகம். இடுப்பில் ஈரத்துணிக் கூடை. அவளுக்குப் பின்னால் அவள் அம்மா வாயில் நாலைந்து கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு, கொடியில் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்படிப் போகுது? தீஞ்சு கீஞ்சு போச்சா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள் காதலி. “கவலைப்படாதே. எவ்ளோ மோசமா வந்தாலும் பரவால்ல. நீ பாட்டுக்கு…”

அதற்குள் வாசனை அவள் மூக்கில் ஏறிவிட்டது. பாதி வாக்கியத்திலேயே நின்றாள்.

“இது… என்ன வாசனை?”

“குழம்புதான்.”

“நீயா வச்சே?”

“பின்ன? பதினேழு தடவை பட்டறையில வச்சுப் பழகியிருக்கேன். உனக்குச் சொல்லல. எப்படி?” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரு கரண்டிக் குழம்பைக் கம்பிக்கு வெளியே நீட்டினான்.

வாங்கிக் குடித்தாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஆனந்தக் கண்ணீர் என்று பல் செட்டுக்காரன் உருகிப்போனான்.

“ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்றாள், குரல் கம்மி.

“சொல்லிட்டா அதுல என்ன இருக்கு?”

அவள் ஒரு முறை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு கிளிப்பை எடுத்துப் போர்வையில் மாட்டினாள்.

“உப்பு பத்தல” என்றாள் காதலி.

“பத்தலையா? சரியா இருக்கே!”

“உனக்குச் சரியா இருக்கும். முப்பத்தொரு வருஷம் உப்புக் காத்துல கிடந்த நாக்குடா அது. சாதாரண உப்பு அப்பாவுக்கு உறைக்கவே உறைக்காது. ரெண்டு கரண்டி போடு.”

“ரெண்டு கரண்டியா?”

“என்னைக் கட்டிக்கணுமா வேணாமா?”

இதற்கு மேல் எந்த ஆண்பிள்ளை வாதாடுவான்? போட்டான். கலக்கி நாக்கில் வைத்தான். நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

“ஐயோ, வாயில வைக்க முடியல.”

“அப்படியா? அப்போ கொஞ்சம் சர்க்கரை போட்டா சமனாயிடும்.”

“உப்புக்குச் சர்க்கரையா?”

“எங்க அப்பா கப்பல்ல அப்படித்தான் செய்வாராம். நாலு கரண்டி.”

நாலு கரண்டி சர்க்கரை விழுந்தது. உப்பு அப்படியே இருக்க, இனிப்பு தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ரொட்டியில் தடவுகிற ஜாமில் கருவாட்டை முக்கிய மாதிரி ஒரு ருசி. மணி பதினொன்று இருபது. பல் செட்டுக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆனால் தொழில்காரன் தொழில்காரன்தான். பல் அச்சு வார்க்கும்போது ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று உபரியாக இன்னொன்றும் வார்த்து வைப்பது அவன் வழக்கம். அந்தப் பழக்கத்தில் மீன் சாற்றில் பாதியையும் ஐந்து தக்காளியையும் தனியாக எடுத்து வைத்திருந்தான். சட்டியில் இருந்ததை முக்கால்வாசி கொட்டிவிட்டுப் புதுச் சாற்றை ஊற்றினான். தக்காளியை அரைத்துவிட்டான். இன்னும் பத்து இழை குங்குமப்பூ, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல். கால் மணி நேரம் கொதித்தது. ருசி பார்த்தான். முதலில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது!

“புடிச்சிட்டேன்! இந்தா, பாரு!” என்று கரண்டியை நீட்டினான்.

அவள் குடித்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாயிடுச்சு” என்றாள், சாவு வீட்டில் சேதி சொல்கிற குரலில்.

“பார்த்தியா!”

“எத்தனை இழை குங்குமப்பூ போட்டே?”

“மொத்தமா முப்பத்திரண்டு.”

“டப்பாவுல மிச்சம் எவ்ளோ இருக்கு?”

“முக்கால் டப்பா.”

“போச்சு போ! அப்பா எதுக்கு முழு டப்பாவை எடுத்து வச்சிருக்கார்னு நினைக்கிறே? நீ கஞ்சனா, தாராளமானவனான்னு பார்க்கத்தான். பொண்ணைக் கொடுக்கிறவர் அதைத்தானே பார்ப்பார்?”

பல் செட்டுக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓட்டல் சமையல்காரன் இதில்தான் மாட்டியிருப்பான். ஓட்டல்காரர்கள் குங்குமப்பூவைக் கிள்ளித்தான் போடுவார்கள், பாவம். இப்படி நினைத்துக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்தான்.

குங்குமப்பூ கொஞ்சமாகப் போட்டால் வாசனை, அள்ளிப் போட்டால் கஷாயம். ஐந்து நிமிஷத்தில் குழம்பின் நிறம் காயத்துக்குப் போடுகிற மருந்து மாதிரி மாறியது. வாசனையும் அதே மாதிரிதான் இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் அடித்தொண்டை வரை கசந்தது.

“கசக்குதே!”

“கடல் அயிட்டம் உள்ள போனா எல்லாம் சரியாயிடும். போடு, இப்பவே போடு.”

“இப்பவா? இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு. கணவாயைக் கடைசியிலதான் போடணும். இல்லாட்டி ரப்பராயிடும்.”

“அப்பாவுக்குப் பல் செட்டு. நல்லா வெந்தாதான் மெல்ல முடியும்.”

இந்த இடத்தில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் செஞ்ச பல் செட்டு! கல்லைக் கடிச்சாலும் கழண்டு வராது.”

“உனக்குத் தெரியும். அவருக்குப் பயம் இருக்குமா இருக்காதா? வயசானவரைக் கஷ்டப்படுத்தறியே, உனக்கே நல்லா இருக்கா?”

மாமனார் ஆகப்போகிறவரைக் கஷ்டப்படுத்துவதா? கணவாய், இறால், மட்டி எல்லாம் ஒன்றாக உள்ளே போயின. நேரம் ஆக ஆக, கட்டை விரல் பருமன் இறால் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியது. கணவாய் வளையங்கள் கரண்டியில் மோதித் துள்ளின.

இறக்கிவிடலாம் என்று கை நீட்டினான். அந்த நேரம் பார்த்து அவள் மெதுவாக, “மாடி ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம்?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான், கரண்டி கையிலேயே நின்றுபோனது.

“உனக்கு என்ன கலர் பிடிக்கும்?”

“இளம் பச்சை. ஜன்னல் ஓரமா ஒரு மேஜை. அதுல நீ உட்கார்ந்து பல்லு செய்யலாம். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன்.”

“சும்மா பார்த்துக்கிட்டே இருப்பியா?”

“டீ போட்டுக் கொடுப்பேன்.”

அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பல் செட்டுக்காரன் மாடியில் குடித்தனமே நடத்திவிட்டான். இளம் பச்சையா, வெளிர் மஞ்சளா என்பதில் ஒரு சின்னச் சண்டைகூட வந்து தீர்ந்தது. அவன் மூக்குக்குச் சுரணை வந்தபோது அறை முழுக்கப் புகை.

“அடிப்பிடிச்சுடுச்சு! ஐயோ, அடிப்பிடிச்சுடுச்சு!”

“கிண்டு, நல்லா அடியிலேர்ந்து கிண்டு!” என்றாள் அவள்.

அடிப்பிடித்ததைக் கிண்டக் கூடாது என்பது பதினேழு சட்டி வைத்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பதற்றத்தில் கை தானாகக் கிண்டிவிட்டது. கரி துண்டு துண்டாக மேலே மிதந்து வந்தது. அதே நேரம் கூடத்தில் டாண் டாண் என்று மணி அடித்தது.

ஜன்னலில் அவளைக் காணோம். அம்மா மட்டும் கடைசி கிளிப்பை வாயிலிருந்து எடுத்து, ஒரு தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் கேப்டன் கழுத்தில் வெள்ளைத் துண்டைச் செருகிக்கொண்டு தயாராக இருந்தார். பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எதிரே அவள் அம்மா. பல் செட்டுக்காரன் சட்டியை வைத்துவிட்டு, தண்டனைக்குக் காத்திருப்பவன் மாதிரி ஓரமாக நின்றான்.

கேப்டன் மூடியைத் திறந்தார். ஒரு முறை மூடினார். மறுபடியும் திறந்தார்.

ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு முதல் வாய் குடித்தார். முகத்தில் ஒரு சதை அசையவில்லை. அடுத்து ஒரு கணவாய் வளையத்தை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பல் செட்டுக்காரனின் கண் அந்த மேல் வரிசையை விட்டு நகரவில்லை. இடப்பக்கக் கடைவாய் லேசாகத் தூக்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. கணவாய் ஜெயிக்குமா, தான் செய்த பல் செட் ஜெயிக்குமா என்று அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் இரண்டுமே தோற்கவில்லை. கேப்டன் வளையத்தை முழுசாக விழுங்கினார்.

மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

“இதுல எவ்ளோ குங்குமப்பூ?”

“முழு டப்பா சார்.”

“உப்பு?”

“ரெண்டு கரண்டி… அப்புறம் நாலு கரண்டி சர்க்கரையும் சார்.”

“இப்படியெல்லாம் செய்யச் சொல்லி யாரு சொன்னா?”

காதலி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அவள் தலைக்குப் போய்விடும், இவன் தப்பித்துக்கொள்ளலாம். பதினேழு சட்டி வைத்த கதையையும் சொல்லலாம். பட்டறை ஆட்களையே சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனால் அப்பாவின் குணம் தெரிந்து, தனக்கு நல்லது செய்யத்தானே அந்தப் பெண் வெயிலில் நின்று இவ்வளவு நேரம் சொல்லிக் கொடுத்தாள்? அவளைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. போனால் போகிறது, வேறு வழியில் பெண் கேட்டுப் பார்க்கலாம்.

“யாரும் சொல்லலை சார். நானாத்தான் செஞ்சேன். எனக்குச் சமைக்க வராது சார்.”

கேப்டன் எழுந்தார். கைகழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டார். ‘சரி வராது’ என்ற வார்த்தைக்காகப் பல் செட்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

தோளில் ஒரு கை விழுந்தது.

“இன்னொரு தரம் சார் சார்னு கூப்பிட்டே, கெட்ட கோவம் வரும். மாமான்னு கூப்பிடு.”

“சார்?”

“மாமா! உங்க வீட்டுப் பெரியவங்களை அடுத்த வாரம் வரச் சொல்லு. மாடி ரூமை இன்னிக்கே ஒழிச்சுக் கொடுத்துடறேன்.” கேப்டனின் முகம் முழுக்க அவன் செய்த பற்கள் மின்னின. “சமையல் வரலைன்னு கவலையே படாதே. நான் எதுக்கு இருக்கேன்? நீ பாட்டுக்குப் பல்லைப் பாரு. அடுப்புப் பக்கமே வராதே. உட்காரு, உட்காரு, பசியோட இருப்பே. நான் வச்சுக் கொண்டுவரேன் பாரு, அதுக்குப் பேருதான் குழம்பு!”

முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடித்தபடி சமையலறைக்குள் போனார். “நான் தக்காளி உரிக்கிறேன்ப்பா” என்று மகள் பின்னாலேயே ஓடினாள். போகிற போக்கில் இவன் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

பல் செட்டுக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எதிரே அவள் அம்மா சாவகாசமாகக் கரி மிதக்கிற சட்டியை மூடிக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

“மாமா பெரிய மனுஷர் அத்தை” என்றான், தழுதழுத்த குரலில். “குழம்பு எவ்ளோ மோசமா இருந்தாலும் மனசைப் பார்த்திருக்கார். யாரையும் காட்டிக் கொடுக்காம, செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டேன் பாருங்க, அது அவருக்குப் பிடிச்சுப்போச்சு. முன்னாடி வந்தவங்க ரெண்டு பேருக்கும் கை இருந்திருக்கும், இந்த மனசு இருந்திருக்காது. இல்லையா அத்தை?”

அத்தை ஒரு முறை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த ரெண்டு பேரும் அவரைவிட நல்லா சமைச்சுட்டாங்க தம்பி, அதனாலதான் வேணாம்னாரு. இன்னிக்கு உங்க குழம்பைக் கெடுக்கறதுக்குள்ள எம்பொண்ணு பட்ட பாடு இருக்கே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ன எனக்குத்தான் தெரியும்!”